இல்லாத அசைவைக் காட்டிய வரைபடம்

அனலாக் சமிக்ஞையை மின்னிலக்கமாக மாற்றும்போது விநாடிக்கு எத்தனை முறை அளப்பது? திட்டப்பணி செய்யும் மாணவர்கள் கருவியை இணைப்பதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது எங்கள் மூவர் குழுவுக்குக் கிடைத்த திட்டப்பணி எளிதாகத்தான் தோன்றியது. பற்றவைப்புப் பட்டறையின் சுவரில், புகையை வெளியேற்றும் பெரிய மின்விசிறி ஒன்று இருந்தது. அதன் மோட்டார் எப்படி அதிர்கிறது என்பதை அளந்து, பழுது வரப்போகிறதா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 1,450 சுற்று என்று பொறித்திருந்தது. அதை 60ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 24 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளவு எடுக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தோம். இரண்டு மடங்கு என்றால் 48. நாங்கள் தாராளமாகவே இருந்தோம். விநாடிக்கு 100 முறை அளப்பது, அதாவது நான்கு மடங்குக்கும் மேல், என்று முடிவு செய்தோம்.

அதிர்வை உணரும் சிறு கருவியை மோட்டாரின் மீது பொருத்தி, அதை அர்டுயினோ பலகையுடன் இணைத்தோம். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் 10 மில்லிவிநாடி காத்திருக்கும்படி நிரல் எழுதினோம். மடிக்கணினித் திரையில் வரைபடம் தோன்றியது. சின்னச் சின்ன நடுக்கங்களைத் தாங்கியபடி, விநாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலை ஒன்று அதில் தெரிந்தது.

எங்களுக்கு மகிழ்ச்சி. மோட்டார் அதன் அடித்தளத்தில் விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது, ஆணிகள் தளர்ந்திருக்க வேண்டும் என்று எழுதினோம். விசிறியை நிறுத்தி அடித்தளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தோம். விசிறி நின்றால் பட்டறையும் அன்று முழுவதும் மூடியிருக்கும்.

வரைவறிக்கையைப் பட்டறைத் தொழில்நுட்பரிடம் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, மோட்டார் மேல கைய வச்சுப் பார்த்தியா?”

“இல்லண்ணே.”

ஏணியைச் சாய்த்து வைத்தார். ஏறி, மோட்டாரின் உடல்மீது உள்ளங்கையை வைத்தேன்.

“ஆடுதா?”

“இல்லண்ணே. உறுமுது.”

“அப்ப உன் படத்துல ஆடுறது எது?”

என்னிடம் பதில் இல்லை. விரிவுரையாளரிடம் போனபோதுதான் விளங்கியது. எங்கள் கருவியில் பழுது இல்லை. நிரலிலும் பிழை இல்லை. நாங்கள் அளந்த வேகம்தான் அந்த அசைவை உருவாக்கியிருந்தது.

கடிகாரமும் கேமராவும்

சுவர்க் கடிகாரம் ஒன்றில் விநாடி முள் சீராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை 61 விநாடிக்கு ஒருமுறை படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் முள் ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் ஒரு விநாடியும் நகர்ந்திருக்கும். படங்களை மட்டும் பார்ப்பவருக்கு அந்த முழுச் சுற்று தெரியாது. முள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விநாடி நகர்வதுபோல்தான் தெரியும். ஒரு நிமிடத்தில் சுற்றும் முள், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சுற்றுவதாக அவர் நினைத்துக்கொள்வார். அதையே 59 விநாடிக்கு ஒருமுறை படம் எடுத்தால் முள் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும். விரைவுச்சாலையில் முன்னோக்கி ஓடும் காரின் சக்கரம் காணொளியில் பின்னோக்கிச் சுழல்வதற்கும் இதுவே காரணம்.

எங்கள் மோட்டாரிலும் இதுதான் நடந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்குள் இருக்கும் காந்தப்புலம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை உச்சம் தொடுவதால், மோட்டாரின் உடல் விநாடிக்கு 100 முறை அதிர்கிறது. உள்ளங்கையில் நான் உணர்ந்த உறுமல் அதுதான்.

நிரல் 10 மில்லிவிநாடி காத்திருந்தது. அளவைப் படிக்க அர்டுயினோவுக்கு மேலும் ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி பிடித்தது. ஆக, 10.1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அளந்தோம். நாங்கள் நினைத்ததுபோல் விநாடிக்கு 100 முறை அல்ல, 99 முறை.

விநாடிக்கு 100 முறை அதிரும் மோட்டாருக்கு ஓர் அதிர்வுக்கு 10 மில்லிவிநாடி ஆகும். நாங்கள் அளக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முழு அதிர்வு முடிந்து, அடுத்த அதிர்வில் 0.1 மில்லிவிநாடி கடந்திருக்கும். அது ஓர் அதிர்வின் நூற்றில் ஒரு பங்கு. கடிகார முள் படத்துக்குப் படம் ஒரு விநாடி நகர்ந்ததுபோல, எங்கள் அளவுகளும் நூற்றில் ஒரு பங்காக நகர்ந்தன. 100 அளவுகள் சேர்ந்தபோது ஒரு முழு அலை வரையப்பட்டுவிட்டது. அதற்கு ஆன நேரம் 1.01 விநாடி. நாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்ட, விநாடிக்கு ஒருமுறை வரும் அசைவு இதுதான்.

கணக்கு இன்னும் சுருக்கம்: 100 கழித்தல் 99, விடை 1. இப்படி வேடமிட்டு வரும் அதிர்வெண்ணைப் பொறியாளர்கள் ‘ஏலியாஸ்’ என்பார்கள். தமிழில் போலி அதிர்வெண் எனலாம்.

விதி உண்மையில் என்ன சொல்கிறது?

அனலாக் சமிக்ஞை என்பது இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும் மின்னழுத்தம். ஒலிவாங்கியிலிருந்து வரும் குரலும், உணர்கருவியிலிருந்து வரும் வெப்பநிலையும் அப்படிப்பட்டவை. கணினிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. எனவே, குறிப்பிட்ட இடைவெளியில் அந்த மின்னழுத்தத்தை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறோம். ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. விநாடிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கிறோம் என்பது மாதிரி வீதம்.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் ஹாரி நைகுவிஸ்ட், தந்தித் தொடர்பு பற்றி 1928ல் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்தார். சோவியத் ஒன்றியத்தில் விளாடிமிர் கொட்டெல்னிகோவ் 1933ல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 1949ல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரை இதைத் தகவல்தொடர்புத் துறையின் அடிப்படைத் தேற்றமாக நிலைநாட்டியது.

ஒரு சமிக்ஞையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால், அந்த மாதிரிகளிலிருந்து மூலச் சமிக்ஞையை அப்படியே மீட்டுவிடலாம். தேற்றம் சொல்வது இதுதான். தோராயமாக அல்ல, முழுமையாக மீட்கலாம். புள்ளிகளுக்கு இடையில் என்ன நடந்தது என்பதும் அந்தப் புள்ளிகளிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டு மடங்குக்கு மேல் என்பதில் ‘மேல்’ என்ற சொல் முக்கியம். 50 ஹெர்ட்ஸ் அலையைச் சரியாக விநாடிக்கு 100 முறை அளந்தால், ஒவ்வொரு முறையும் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்திலேயே அளவு விழக்கூடும். அப்போது கிடைப்பவை எல்லாம் பூச்சியங்கள். அலை இருப்பதே தெரியாது.

அப்படியானால் 24 ஹெர்ட்ஸுக்கு 99 மாதிரிகள் எடுத்த நாங்கள் எங்கே தவறினோம்? நாங்கள் பார்க்க விரும்பிய அதிர்வெண்ணை வைத்துக் கணக்குப் போட்டோம். சமிக்ஞையில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் பற்றித்தான் விதி பேசுகிறது. நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது கருவிக்குத் தெரியாது. கம்பியில் வருவது எதுவானாலும் அது அளந்துவிடும். பாதி மாதிரி வீதத்துக்கு மேல் இருப்பவை எல்லாம் மடங்கிக் கீழே வந்து, நாம் தேடும் சமிக்ஞையோடு கலந்துவிடும்.

கலந்த பிறகு பிரிக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மெதுவாக அளந்தால் நுணுக்கங்கள் விட்டுப்போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். விட்டுப்போவதோடு நின்றால் பரவாயில்லை. இல்லாத ஒன்று பதிவாகிவிடுகிறது. பதிவான எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அது உண்மையான 1 ஹெர்ட்ஸா, வேடமிட்டு வந்த 100 ஹெர்ட்ஸா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. இரண்டும் தருபவை அதே எண்கள்தான்.

போலியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை

விரிவுரையாளர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “காத்திருக்கும் நேரத்தை 10லிருந்து 9 மில்லிவிநாடியாக மாற்றி, மறுபடியும் அளந்து பாருங்கள்.”

மாற்றினோம். இப்போது 9.1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 110 முறை அளந்தோம். வரைபடத்தில் விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கிய அலை மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக விநாடிக்குப் பத்து முறை துடிக்கும் அலை வந்தது. 110 கழித்தல் 100, விடை 10.

நிரலில் ஓர் எண்ணை மாற்றியதற்காகச் சுவரில் இருக்கும் மோட்டார் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளாது. மாதிரி வீதத்தை மாற்றும்போது உண்மையான அதிர்வெண் இருந்த இடத்திலேயே இருக்கும், போலி இடம் மாறும். வரைபடத்தில் எதிர்பாராத எதையாவது கண்டால், அறிக்கை எழுதுமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதலில் வடிகட்டி, பிறகு எண்

போலியைத் தடுக்க ஒரே வழி, உயர் அதிர்வெண்களை மின்னிலக்கமாக மாற்றுவதற்கு முன்பே வடிகட்டிவிடுவது. எண்ணாக மாறிய பிறகு மென்பொருளில் வடிகட்டுவது, தேநீரில் கலந்த சர்க்கரையை வடிகட்டியில் பிடிக்க முயல்வதற்குச் சமம்.

எளிய வடிகட்டிக்கு ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். 10,000 ஓம் மின்தடையையும் 0.33 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் இணைத்தால், ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றை அது படிப்படியாகக் குறைக்கும்.

‘படிப்படியாக’ என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த வடிகட்டியும் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டாது. இந்த எளிய வடிகட்டி 100 ஹெர்ட்ஸ் அதிர்வில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை உள்ளே விட்டுவிடும். எனவே, விநாடிக்கு 99 முறையே அளந்துகொண்டு வடிகட்டியை மட்டும் சேர்த்திருந்தால், போலி அலை சிறுத்திருக்குமே தவிர மறைந்திருக்காது.

இங்கேதான் மாதிரி வீதத்தை உயர்த்துவது கைகொடுக்கிறது. விநாடிக்கு 1,000 முறை அளந்தால் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸாகவே, தன் உண்மையான இடத்தில் தெரியும். நாங்கள் கவனிக்க விரும்பிய 50 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதிக்குள் மடங்கி வரக்கூடியவற்றில் மிக அருகில் இருப்பவை 950 முதல் 1,050 ஹெர்ட்ஸ் வரையிலானவை. அவற்றில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை மட்டுமே வடிகட்டி விடும். எளிய வடிகட்டிக்கு வேகமான அளவீடு வேண்டும். சிறந்த வடிகட்டி இருந்தால் மெதுவாகவும் அளக்கலாம். இந்த இரண்டுக்கும் இடையிலான பேரம்தான் மாதிரி வீதத்தைத் தேர்ந்தெடுப்பது.

துடிக்கும் வேகம் வேறு, துடிப்பின் வடிவம் வேறு

மிக உயர்ந்த அதிர்வெண் எது என்று கண்டறிவதில் இன்னொரு பொறி இருக்கிறது. இதயத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் விநாடிக்கு 1.2 முறை துடிக்கிறது. அதன் இரண்டு மடங்கு 2.4. அப்படியானால் விநாடிக்கு மூன்று முறை அளந்தால் இதய மின்வரைபடம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழுந்து விழும் ஒரு முனை உண்டு. அது ஏறத்தாழ 0.1 விநாடிக்குள், பல நேரங்களில் அதற்கும் குறைவாகவே, முடிந்துவிடும். மருத்துவர் பார்ப்பது அந்த முனையின் வடிவத்தை. கூர்மையான வடிவம் எதிலும் உயர் அதிர்வெண்கள் ஒளிந்திருக்கும். அதனால்தான் பெரியவர்களின் இதய மின்வரைபடத்தை 150 ஹெர்ட்ஸ் வரையிலும், குழந்தைகளுடையதை 250 ஹெர்ட்ஸ் வரையிலும் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. குழந்தைகளின் துடிப்பு முனைகள் இன்னும் கூர்மையானவை. மருத்துவமனைக் கருவிகள் பல விநாடிக்கு 500 அல்லது அதற்கும் அதிகமான மாதிரிகளை எடுப்பதன் காரணம் இது.

ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் சதுர அலைக்கும் இது பொருந்தும். 1,000 ஹெர்ட்ஸ் சதுர அலையில் 3,000, 5,000, 7,000 என்று ஒற்றைப்படை மடங்குகள் தொடர்ந்து வருகின்றன. அலை எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதோடு, அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

8,000, 44,100: இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

நம்மைச் சுற்றியுள்ள மின்னிலக்கக் கருவிகள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை கண்டிருக்கிறார்.

மின்னிலக்கத் தொலைபேசி இணைப்புகள் விநாடிக்கு 8,000 மாதிரிகளை எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டன. மனிதக் குரலில் 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாம் தேவையில்லை, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தாலே பேச்சு புரியும் என்று முடிவு செய்து, மற்றவற்றை முன்கூட்டியே வடிகட்டினார்கள். 3,400க்கும், 8,000த்தின் பாதியான 4,000க்கும் இடையில் உள்ள இடைவெளி வடிகட்டிக்கு விட்ட இடம். ஒரு மாதிரிக்கு 8 பிட் வீதம் ஓர் அழைப்புக்கு விநாடிக்கு 64,000 பிட்டுகள் போதுமாக இருந்தன. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டும் குழம்புகின்றன அல்லவா? அவற்றைப் பிரித்துக் காட்டும் சீறல் ஒலியின் பெரும்பகுதி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது.

1982ல் விற்பனைக்கு வந்த இசைக் குறுவட்டு, விநாடிக்கு 44,100 மாதிரிகளை எடுத்தது. நல்ல செவித்திறன் உள்ள இளையருக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இரண்டு மடங்கு 40,000. வடிகட்டிக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். அதற்கு 44,000 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே, ஏன் 44,100?

அக்காலத்தில் மின்னிலக்க இசையைச் சேமிக்கக் காணொளி நாடாக்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு வரிக்கு மூன்று மாதிரிகள் வீதம் எழுதினார்கள். அமெரிக்கா, ஜப்பான் பயன்படுத்திய முறையில் திரை விநாடிக்கு 60 முறை வரையப்பட்டது, ஒவ்வொரு முறையும் 245 வரிகளில் எழுத முடிந்தது. 60 x 245 x 3 = 44,100. ஐரோப்பாவிலும் நம் வட்டாரத்திலும் இருந்த முறையில் திரை விநாடிக்கு 50 முறை வரையப்பட்டது, எழுதக்கூடிய வரிகள் 294. 50 x 294 x 3 = 44,100. இரு முறைகளுக்கும் பொருந்திய எண் என்பதால் அதுவே நிலைத்தது. கோட்பாடு கீழ் எல்லையைச் சொன்னது. வடிகட்டி கொஞ்சம் உயர்த்தியது. கடைசி எண்ணைக் கையிலிருந்த கருவி முடிவு செய்தது.

கூடுதலாக அளந்துவிட்டால் என்ன?

“எதற்கு இவ்வளவு யோசனை? முடிந்த அளவு வேகமாக அளந்துவிட வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அடுத்ததாக அதைத்தான் முயன்றோம். உடனே வேறு சுவர்களில் மோதிக்கொண்டோம்.

எங்கள் அர்டுயினோ யூனோ பலகையின் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். விநாடிக்கு 1,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரே விநாடியில் நினைவகம் நிரம்பிவிடும். உடனுக்குடன் மடிக்கணினிக்கு அனுப்பலாம் என்றால், வழக்கமான 9,600 வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 960 பைட்டுகளே போகும். எங்களுக்கு 2,000 வேண்டும். வேகத்தை 115,200க்கு உயர்த்திய பிறகே திட்டம் ஓடியது.

பெரிய அளவில் பாருங்கள். மூன்று திசைகளில் அதிர்வை விநாடிக்கு 20,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் செலவிட்டால், ஒரு நாளுக்கு 10 கிகாபைட்டுக்கு மேல் சேரும். மின்கலத்தில் இயங்கும் உணர்கருவி அதை வானலை வழியாக அனுப்பவேண்டுமானால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். வகுப்பறையின் வெப்பநிலையோ நிமிடக் கணக்கில்தான் மாறுகிறது. அதை விநாடிக்கு ஆயிரம் முறை அளப்பதால் யாருக்கும் பயனில்லை.

மாதிரியின் பிட் எண்ணிக்கையைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. 10 பிட் என்றால் மின்னழுத்தத்தை 1,024 படிகளாகவும், 16 பிட் என்றால் 65,536 படிகளாகவும் பிரித்து அளக்கலாம். அது ஒவ்வோர் அளவின் நுட்பத்தைக் கூட்டும். தவறான நேரத்தில் எடுத்த அளவை இன்னும் நுட்பமாக எடுத்தாலும் போலி போலிதான்.

வேகமாக அளக்கவே முடியாதபோது

சில வேளைகளில் வேகத்தைக் கூட்டும் வாய்ப்பே இருக்காது. வடிகட்டியும் பொருத்த முடியாது. கடலின் உயரத்தை விண்ணிலிருந்து அளக்கும் துணைக்கோள் அப்படிப்பட்டது. அது கடலின் ஒரே இடத்துக்குத் திரும்பி வரப் பல நாள்கள் ஆகும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போகிறவர்கள் அறிவார்கள், கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை ஏறி இறங்குகிறது. நிலவால் எழும் முதன்மையான ஓதம் 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதைப் பல நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போலி தோன்றாமல் இருக்காது.

அமெரிக்காவும் பிரான்சும் 1992ல் ஏவிய டோபெக்ஸ்/போசைடன் துணைக்கோளை வடிவமைத்தவர்கள் இதை முன்பே கணக்கிட்டார்கள். ஒவ்வொரு நாளும் அதே சூரிய நேரத்தில் கடந்து செல்லும் பாதையை அவர்கள் தவிர்த்தார்கள். அப்படிச் சென்றால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் சூரிய ஓதம் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் தெரியும். மாறாத கடல்மட்டமாகவே அது பதிவாகிவிடும். எனவே, ஏறத்தாழ 9.92 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது 12.42 மணி நேர ஓதம், ஏறத்தாழ 62 நாள் நீளமுள்ள மெதுவான அலையாக வேடமிட்டு வரும். வரப்போகும் வேடம் எது என்று முன்பே தெரிந்ததால், அதை அடையாளம் கண்டு பிரித்தெடுக்க முடிந்தது.

போலியைத் தவிர்க்க முடியாத இடத்திலும், அது எங்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டுத்தான் அளக்கத் தொடங்கினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

தொடங்குமுன் ஐந்து கேள்விகள்

அடுத்த திட்டப்பணியில் உணர்கருவியை இணைக்குமுன் இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

1. எனக்கு வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண் எது? திரும்ப வரும் வேகத்தோடு, வடிவத்தின் கூர்மையையும் கணக்கில் சேர்த்தேனா?

2. நான் விரும்பாவிட்டாலும் கம்பியில் வரக்கூடியது என்ன? 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதன் மடங்குகள், அருகில் ஓடும் மோட்டார், விளக்கு ஆகியவற்றை யோசித்தேனா?

3. மின்னிலக்கமாக மாற்றுவதற்கு முன்னால் வடிகட்டி இருக்கிறதா? அது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைக்கிறது?

4. வடிகட்டிக்குப் போதிய இடம் விட்டு மாதிரி வீதத்தைத் தேர்ந்தெடுத்தேனா? நினைவகமும் இணைப்பும் மின்கலமும் அதைத் தாங்குமா?

5. நான் நினைக்கும் வேகத்தில்தான் கருவி உண்மையில் அளக்கிறதா? நிரலில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமல், பலகையில் உள்ள நேரக்கணிப்பானைப் பயன்படுத்தினேனா? வேறொரு வீதத்தில் அளந்து ஒப்பிட்டேனா?

எங்கள் இரண்டாவது வரைபடத்தில் 24 ஹெர்ட்ஸில் மோட்டாரின் சுழற்சியும், 100 ஹெர்ட்ஸில் அதன் உறுமலும் தெரிந்தன. விநாடிக்கு ஒருமுறை ஆடும் அலை எங்கும் இல்லை. அடித்தளத்தைப் பிரிக்கும் பரிந்துரையை நீக்கினோம். பட்டறை வழக்கம்போல் இயங்கியது.

புதிய அறிக்கையைத் தொழில்நுட்பரிடம் கொண்டுபோனேன். இந்த முறையும் அவர் அதைப் படிக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “இது சரி தம்பி,” என்றார்.